பின்தங்கியவருக்கும் பங்கு உண்டு

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்று சொல்லாத பெரியவர் இல்லை. "ஒற்றுமையே வலிமை" என்று எழுதி வைக்காத பள்ளிச் சுவரும் இல்லை. இவ்வாண்டு மலருக்குக் கூட்டு முயற்சியின் மேன்மையைப் பற்றி எழுதுமாறு பன்னிரண்டாம் வகுப்பினராகிய எங்களைப் பணித்தார்கள். எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. தேரை எல்லாரும் சேர்ந்து இழுத்தோம், சரி. தேர் நிலைக்கு வந்த பின் என்ன நடக்கிறது? வடம் பிடித்துக் கை காய்த்து, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவர் ஒருவர் இருப்பார். சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்துக்கொண்டே வந்தவர் ஒருவர் இருப்பார். (தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் இல்லையென்றால் தேர் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்; ஆனால் நம் பேச்சில் 'முட்டுக்கட்டை போடுகிறவன்' என்பது வசைமொழி ஆகிவிட்டது!) பொங்கல் பங்கிடும்போது அவர்களுக்கும் அதே அளவுதானா?

இதற்கு விடை தேடித் திருவிவிலியத்தைப் புரட்டிய நாங்கள் இரண்டு போர்க்களங்களில் போய் நின்றோம். இரண்டுக்கும் இடையே சில நூறு ஆண்டுகள். ஆனால் இரண்டிலும் எதிரி ஒருவரே: அமலேக்கியர்.

முதற்போர் எல்லாருக்கும் தெரிந்தது. விடுதலைப் பயண நூலின் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. எகிப்தின் அடிமை வாழ்விலிருந்து வெளியேறிய இஸ்ரயேல் மக்களை இரபிதிம் என்னும் இடத்தில் அமலேக்கியர் தாக்குகிறார்கள். மோசே (நம் பாட்டிமார் மோயீசன் என்றே சொல்வார்கள்) யோசுவாவை ஆள் திரட்டிப் போரிட அனுப்பிவிட்டு, கையில் கோலுடன் குன்றின் உச்சிக்கு ஏறுகிறார். உடன் ஆரோனும் கூரும் செல்கிறார்கள். மோசேயின் கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலுக்கு வெற்றி. தாழும்போது அமலேக்கியருக்கு வெற்றி. மனிதர்தானே, கை எவ்வளவு நேரம் நிற்கும்? தளர்கிறது. உடனே அவ்விருவரும் ஒரு கல்லை எடுத்துப் போட்டு அவரை அதில் உட்கார வைக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்று கதிரவன் மறையும் வரை கைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். போர் வெல்லப்படுகிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் தாங்கிய கைகளைப் பற்றிப் பேசுவார்கள். எங்களுக்கு அந்தக் கல்லின் மீதுதான் கண். மோசேயின் கை தாழ்ந்தபோது கீழே சமவெளியில் இஸ்ரயேல் வீரர் வெட்டுண்டு விழுந்திருப்பர். அந்த நெருக்கடியிலும் ஆரோன், "அண்ணன் தம்பி என்று பாராமல் சொல்கிறேன், உம்மால் முடியாவிட்டால் கோலைக் கொடும்" என்று கேட்டதாக இல்லை. கூர் குறை சொன்னதாக இல்லை. களைத்தவர் உட்கார முதலில் ஓர் இடம் தேடினார்கள். அதற்குப் பிறகுதான் கையைப் பிடித்தார்கள். களைத்துப் போனவரை நிற்க வைத்தே தூக்கிப் பிடித்திருந்தால், மாலைக்குள் மூவரும் விழுந்திருப்பார்கள்.

வெற்றிக்குப் பின் மோசே ஒரு பலிபீடம் கட்டி, ஆண்டவரே கொடி என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். கொடி என்றதும் திருப்பூர்ப் பிள்ளைகளாகிய நமக்கு நினைவில் வருபவர் குமரன். 1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் தடியடிபட்டு விழுந்து, மறுநாள் உயிர் நீத்த அந்த இளைஞரைக் 'கொடி காத்த குமரன்' என்று நாடே போற்றுகிறது. அவர் தனியாகப் போகவில்லை, ஊர்வலமாகப் போனார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் பி. எஸ். சுந்தரம். அந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடன் நடந்து அடிபட்ட மற்றவர்களின் பெயர்கள்? குமரனின் புகழ் இதனால் குறையாது. ஆரோனையும் கூரையும் மறவாமல் எழுதி வைத்த விவிலிய ஆசிரியரின் கை நம் கையைவிட நேர்மையானது என்பதற்காகவே சொல்கிறோம்.

அமலேக்கியரிடம் அப்படி என்ன பகை? வரலாற்றில் எத்தனையோ இனத்தார் இஸ்ரயேலரோடு போரிட்டிருக்க, இவர்களை மட்டும் இத்தனை கசப்போடு நினைவுகூர்வது ஏன் என்று நாங்கள் வியந்ததுண்டு. விடை இணைச்சட்ட நூலின் 25ஆம் அதிகாரத்தில் கிடைத்தது. அமலேக்கியர் நேருக்கு நேர் வந்து மோதவில்லை. நடந்து நடந்து இளைத்து, கூட்டத்தின் கடைசியில் தள்ளாடி வந்தவர்களைத் தாக்கினார்கள். முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள் போன்றோர்தாமே எந்த நடைப்பயணத்திலும் கடைசியில் வருவார்கள்? பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். ஆக, அமலேக்கின் குற்றம் போரிட்டது மட்டுமன்று, பின்தங்கியவர்மேல் பாய்ந்தது. போர்களைப் போற்றுவதற்காக நாம் இப்பகுதிகளைப் படிப்பதில்லை. ஒரு கூட்டம் தன் கடைசி ஆளை எப்படி நடத்துகிறது என்று பார்க்கவே படிக்கிறோம்.

இப்போது இரண்டாம் போருக்கு வருவோம். இதை மறைக்கல்வி வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. சாமுவேல் முதல் நூலின் 30ஆம் அதிகாரம். சவுலுக்கு அஞ்சி ஓடிய தாவீது, தம் 600 ஆட்களுடன் சிக்லாகு என்னும் ஊரில் குடியிருந்தார். வெளியே போயிருந்தவர்கள் மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால், ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவி மக்களை அமலேக்கியர் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அழுவதற்கும் வலுவற்றுப் போகும் வரை அழுதார்களாம். தலைவர் மேலேயே கல்லெறியலாமா என்றும் பேசினார்களாம். பிறகு ஆண்டவரின் திருவுளம் கேட்டு, பகைவரைத் துரத்திக்கொண்டு கிளம்பினார்கள். பெசோர் ஓடைக்கு வந்தபோது 200 பேரால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கரையிலேயே தங்கிவிட்டார்கள். மற்ற 400 பேர் ஓடையைக் கடந்தார்கள்.

வழியில் ஒருவன் வயல்வெளியில் கிடக்கிறான். எகிப்தியன். அமலேக்கியன் ஒருவனின் அடிமை. உடல்நலம் கெட்டதால் எசமான் அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் பகலும் இரவும் அவன் வாயில் ஒரு கவளம் இல்லை, தண்ணீரும் இல்லை. அவசரமாகத் துரத்திக்கொண்டு போகிறவர்கள் நின்று, அவனுக்கு அப்பமும் நீரும், ஓர் அத்திப்பழ அடைத் துண்டும், இரண்டு குலை உலர்ந்த திராட்சையும் கொடுத்தார்கள். அவன் உயிர் பெற்று எழுந்து பகைவரின் இருப்பிடத்துக்கு வழி காட்டினான். பார்த்தீர்களா? அமலேக்கியர் யாரை 'இனி உதவ மாட்டான்' என்று வீசி எறிந்தார்களோ, அவனாலேயே பிடிபட்டார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர்கூடக் குறையாமல் மீட்கப்பட்டார்கள்.

எங்கள் கேள்விக்கு விடை இனிமேல்தான் வருகிறது. வெற்றியோடு திரும்பியவர்கள் பெசோர் ஓடைக்கு வருகிறார்கள். உடன் சென்றவர்களில் தீயவர் சிலர், "இவர்கள் நம்மோடு வரவில்லை, பெண்டு பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும், கொள்ளைப் பொருளில் பங்கு கிடையாது" என்ற கருத்தில் பேசுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் தாவீது உடன்படவில்லை. இது ஆண்டவர் தந்தது, நாம் சம்பாதித்தது அன்று என்றார். போருக்குச் சென்றவனுக்கும் மூட்டைகளுக்குக் காவல் இருந்தவனுக்கும் பங்கு ஒன்றே என்று தீர்ப்பளித்தார். அன்று முதல் அது இஸ்ரயேலில் சட்டமாயிற்று என்று நூல் சொல்கிறது.

இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஒரு பனியன் உருவாக எத்தனை கை வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் தைக்கின்றன. காஜா, பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று போய்ப் பெட்டியில் அடங்குகிறது. பவர்டேபிளில் டெய்லருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார், பெரும்பாலும் பெண்தான். துணியை எடுத்துக் கொடுப்பார், தைத்து விழுவதை அடுக்குவார், பிசிறு வெட்டுவார். 'கைமடி' என்பது அந்த வேலைக்குப் பெயர். சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும்போது, கைமடியின் கவர் எல்லாவற்றிலும் மெலிந்திருக்கும். தையல் ஒரு தொழில், அதற்குத் திறமை வேண்டும், கூலி கூடத்தான் இருக்கும் என்பார்கள். கூலிக் கணக்கு பேசுவதற்கு எங்களுக்கு இன்னும் வயதாகவில்லை. ஆனால் கைமடி வராத நாளில் அதே டெய்லர் எத்தனை பீஸ் முடிக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வயது ஒரு தடையா?

ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே நிற்கும் என்பதைத் திருப்பூர் 2011இல் நேரில் கண்டது. கழிவுநீர் நொய்யலில் கலந்ததால், அவ்வாண்டு ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் நின்றதும் தையல் தவித்தது. அயர்ன் மேசை வரை வேலை குறைந்தது. அந்த வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் ஊரே ஒற்றுமையாகத்தான் உழைத்தது. அந்த ஒற்றுமையின் கழிவு ஆற்றோடு இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. சேர்ந்து உழைப்பது மட்டும் போதாது போலும். நம் நடையில் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காவிட்டால், நாமே அவர்களுக்கு அமலேக்கியர் ஆகிவிடுகிறோம்.

தாவீதின் சட்டத்துக்கு நெருக்கமான ஒன்று நம் பெருமாநல்லூரிலேயே நடந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்புசெட் மின்சாரக் கட்டணம் யூனிட்டுக்கு ஒரு பைசா கூட்டப்பட்டதை எதிர்த்து உழவர்கள் போராடினார்கள். ஒரு பைசாதானே என்று இன்று சிரிக்கத் தோன்றும். அந்நாளில் அது வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் விழுந்த அடி. 19ஆம் நாள் இங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் மாண்டார்கள். போராட்டம் பல ஆண்டுகள் பல ஊர்களில் தொடர்ந்தது. 1990இல் தமிழக உழவர் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இன்று மோட்டார் போடுகிற எந்த உழவரிடமும், "உங்கள் வீட்டிலிருந்து அன்று பெருமாநல்லூருக்கு யார் வந்தார்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. வந்தவருக்கும் வராதவருக்கும், மாடு கன்றுகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவருக்கும் ஒரே மின்சாரம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மூவரை நினையாமல் சுவிட்சைப் போடுவது முறையன்று.

இங்கே தோழியர் சிலர் எங்களை மறிப்பார்கள். "அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பவளுக்கும் பாதிப் பங்கா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்து பேர் சேர்ந்து அறிவியல் விளக்கப்படம் செய்யச் சொன்னால் ஒருத்தி வரைவாள், ஒருத்தி எழுதுவாள், மற்ற மூவரும் கடலை மிட்டாய் வாங்கப் போய்விட்டுக் கடைசியில் பெயர் எழுத மட்டும் வருவார்கள். தாவீதின் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது என்பது எங்கள் கருத்து. பெசோர்க் கரையில் நின்ற 200 பேரும் சிக்லாகிலிருந்து மற்றவரோடு நடந்து வந்தவர்கள். அவர்கள் வீடும் எரிந்தது, அவர்களும் அழுதார்கள். நின்ற இடத்திலும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் மூட்டைகளைக் காத்ததால்தானே மற்றவர்கள் சுமையில்லாமல் விரைந்து போக முடிந்தது? களைப்பும் சோம்பலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எது எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அருகில் போய்க் கேட்பதுதான். தாவீது திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்தார் தெரியுமா? அந்த 200 பேரிடமும் போய் நலம் விசாரித்தார். கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

நாம் ஆடும் கோ-கோவிலும் இது இருக்கிறது. துரத்தும் அணியில் ஒன்பது பேர், ஓடுகிறவள் ஒருத்தி. எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள். மூச்சு வாங்கினால் அருகில் இருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" சொல்லிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். உட்காருவது தோல்வி என்று அந்த ஆட்டத்தில் யாரும் நினைப்பதில்லை. உட்கார இடம் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. கபடியில் பெயர் வாங்குவது எளிது, கோ-கோவில் கஷ்டம். அதனால்தான் எங்களுக்கு அது பிடிக்கும்.

கீழ் வகுப்புகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். தமிழ்த் தேர்வில் அவர்கள் மதிப்பெண் குறைவதால் வகுப்புச் சராசரி இறங்குகிறது என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறோம். வயல்வெளியில் கிடந்த எகிப்தியனுக்குக் கொடுத்த அத்திப்பழ அடையை அந்நேரம் நினைத்துக்கொள்வது நல்லது. தங்கையரே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாடம் வாசித்துக் காட்ட இடைவேளையில் பத்து நிமிடம் போதும். கணக்கில் அவர்கள் உங்களுக்கு வழி காட்டுவார்கள்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம். எங்களில் பலருக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பத்தாம் வகுப்போடு அல்லது அதற்கும் முன்பே அவள் படிப்பு நின்றுவிட்டது. "சின்னவ படிக்கட்டுங்கம்மா, நா மிசினுக்குப் போறேன்" என்று அவளே சொன்னதாக வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவள் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போகிறாள். அவசர ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்ட். அவள் கூலியில்தான் எங்கள் நோட்டும் சீருடையும் வந்தன. நாங்கள் பரிசு வாங்கும்போது கைதட்டுவதற்குக்கூட அவளுக்கு விடுமுறை கிடைப்பதில்லை. பெசோர் ஓடையின் கரையில் மூட்டைக்குக் காவல் இருப்பவள் அவள். அவள் பங்கு என்ன? "நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவோம்" என்பது பெண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னவர்களின் பேச்சைப்போல அல்லவா இருக்கிறது?

படிப்பு நின்றவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம்; பின் பன்னிரண்டும் எழுதலாம். தொலைநிலைக் கல்வியில் பட்டம்கூடப் பெறலாம். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதித் தேறியவர்கள் உண்டு. எனவே, எங்களில் முதலில் சம்பளம் வாங்குபவள் தன் முதல் மாதச் சம்பளத்தில் அக்காவுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுவது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பழைய புத்தகங்களோடு அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவதாகவும் இருக்கிறோம். அன்புமிக்க அருட்சகோதரியர் அதற்குப் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால் போதும். பெற்றோர் அந்த ஒரு நாளாவது அக்காவை வீட்டு வேலையிலிருந்து விட்டால் போதும். இரண்டில் எது கடினம் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

தாவீதின் பங்கீடு அந்த 600 பேரோடும் நின்றுவிடவில்லை. அலைந்து திரிந்த காலத்தில் தமக்கு இடம் கொடுத்த ஊர்களுக்கெல்லாம் அவர் பங்கு அனுப்பினார். எபிரோன் வரை ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. வாசிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தந்த ஊர்க்காரருக்குத் தம் ஊர்ப்பெயர் அதில் இருப்பதைக் கேட்க எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்!

இவ்வாண்டு விளையாட்டு விழாவில் கோ-கோ கோப்பை வாங்கும்போது, களத்தில் ஆடிய ஒன்பது பேரோடு, கடைசி வரை வாய்ப்பில்லாமல் காத்திருந்த மூவரும், வெயிலில் சுண்ணாம்புக் கோடு போட்ட தோழியும், தண்ணீர்க் குடம் சுமந்த ஆறாம் வகுப்புச் சிறுமிகளும், மைதானம் பெருக்கும் அம்மாவும் மேடை ஏற வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்டிருக்கிறோம். மேடை தாங்காது என்கிறார். அப்படியானால் கோப்பை கீழே இறங்கி வரட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.